நார்வேக்காரர் அரைக்காத மிளகாய்

ஆனைமலைப் பக்கம் ஒரு பொருள் களவு போனால் ரெண்டு வழி உண்டு. ஒன்று போலீஸ் ஸ்டேஷன். இன்னொன்று மாசாணியம்மன் கோயில். அங்கே எஃப்.ஐ.ஆர். நகல் கிடைக்காது, வரமிளகாயை அரைத்து நீதிக்கல்லில் அப்பிவிட்டுப் பேசாமல் பஸ் ஏறலாம். எடுத்தவன் எரிந்துபோவான் என்பது நம்பிக்கை. 1880-இல் கெரார்ட் ஆர்மாயர் ஹான்சன் என்ற நார்வே டாக்டருக்கு இந்தச் சங்கதி தெரிந்திருந்தால், ஒரு மூட்டை மிளகாயோடு பொள்ளாச்சியில் வந்து இறங்கியிருப்பார்.

மிளகாய் அரைக்கும்போது அவர் மனசில் நினைத்திருக்கக்கூடிய ஆள், ஆல்பர்ட் நைஸர் என்ற ஜெர்மன் தோல் டாக்டர். படிக்கிற காலத்தில் கெமிஸ்ட்ரியைத் திரும்ப எழுதியவர். ஆசைப்பட்டது பொது மருத்துவம். அங்கே இடம் காலியில்லை என்றதும் தோல் பிரிவில் போய் ஒட்டிக்கொண்டார். ஒட்டிக்கொண்ட இடத்தில் சும்மா இருந்தாரா? 1879-இல், 24 வயதில், வெட்டை நோய்க் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்.

அதே வருஷம் பெர்கன் ஊருக்குப் புறப்பட்டார். அங்கே ஹான்சன் 1873-இலேயே தொழுநோயாளிகளின் திசுவில் குச்சி குச்சியாக எதையோ பார்த்து வைத்திருந்தார். ஆனால் சாயம் சரியாக ஏறவில்லை. வந்த விருந்தாளிக்கு நம்மூரில் இளநீர் வெட்டிக் கொடுப்பதுபோல, மனுஷன் திசு மாதிரிகளை அள்ளிக் கொடுத்தார். நைஸர் அவற்றோடு தான் வேலை பார்த்த பிரெஸ்லாவுக்குத் திரும்பினார். திருப்பூர்க்காரர் தோற்கும்படி சாயம் ஏற்றினார். 1880-இல், தொழுநோய்க் கிருமி நம் கண்டுபிடிப்பு என்று அச்சிலும் ஏற்றிவிட்டார். ஹான்சன் பதறியடித்துக்கொண்டு அதே வருஷம் தன் கட்டுரையை வெளியிட்டார்.

ஹான்சனும் ஒன்றும் பத்தரைமாற்றுத் தங்கமில்லை. ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில், அவளைக் கேட்காமலே தொழுநோய்ச் சரக்கை ஏற்றிப் பார்த்தார். கோர்ட் அவரை ஆஸ்பத்திரி வேலையிலிருந்து இறக்கியது. நைஸர் ஒரு படி மேலே. 1892-இல் மேகப்புண் நோயாளிகளிடமிருந்து எடுத்த சீரத்தைப் பெண்களுக்கு ஊசி போட்டார்; அவர்களில் பாலியல் தொழிலாளிகளும் உண்டு. சிலருக்கு நோய் வந்ததும், அது அவர்கள் தொழிலால் வந்தது என்று கையைக் கழுவினார். அபராதம் விழுந்தது. 1900-இல் பிரஷ்ய அரசு, நோயாளி சம்மதமில்லாமல் சோதனை கூடாதென்று உத்தரவு போட்டது. உண்மையில் மிளகாய் அரைத்திருக்க வேண்டியவர்கள் அந்தப் பெண்கள்.

இத்தனை ரகளையிலும் நோய்க்கு மருந்து மட்டும் இருவர் கையிலும் இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காய்க்கும் நீரடிமுத்தைச் சித்த வைத்தியர்கள் அதற்குள் எவ்வளவோ பேர் தோலில் தடவிவிட்டிருந்தார்கள். பின்னாளில் அந்த வகை விதையின் எண்ணெயைப் பக்குவம் செய்து, 'ஆன்டிலெப்ரால்' என்று கோட்டு மாட்டி விற்றது ஜெர்மனியின் பேயர் கம்பெனிதான்.

கிருமித் தகராறு என்னவாயிற்று? தொழுநோய்க்கு 'ஹான்சன் நோய்' என்று பெயர் நின்றுவிட்டது. நைஸருக்கும் பங்கு கொடுத்தார்கள்: வெட்டை நோய்க் கிருமிக்கு 'நைஸீரியா'. மூத்திரம் போகையில் மிளகாய் அரைத்து அப்பினதுபோல எரிய வைக்கிற அதே கிருமி.