லாரி திரும்பாத சரித்திரம்

கொச்சிக்கு வரலாறு எழுதியவர்கள் யாரும் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அரிசி மூட்டையோடு லாரியை ரிவர்ஸ் எடுத்ததில்லை. எங்கள் மாமா எடுத்திருக்கிறார். அதனால் அவர் வைத்திருந்த வரலாறு வேறு.

1503-ல் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டினார்கள். 1663-ல் டச்சுக்காரர்கள் அவர்களைத் துரத்தினார்கள். 1795-ல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களைத் துரத்தினார்கள். இவ்வளவையும் நான் படித்துக் காட்டினால், மாமா பீடியை அணைத்துவிட்டுக் கேட்பார்: "மூணு பேரும் மொளகுக்கு அடிச்சுக்கிட்டானுங்க செரி. ஒருத்தனுக்காச்சும் வண்டி திருப்ப எடம் உடோணும்னு தோணுச்சா கண்ணு?"

துறைமுக என்ஜினியர் பிரிஸ்டோ துரைமீது மட்டும் அவருக்குக் கொஞ்சம் மரியாதை. 1920-ல் வந்த மனிதர் காயலைத் தூர்வாரி, அந்த மண்ணிலேயே வெல்லிங்டன் தீவை எழுப்பிவிட்டார். "அத்தன மண்ணு! எங்கூரு லாரிக்கு ஒரு நடை வாடககூடக் கெடைக்கல" என்பதுதான் வருத்தம்.

மாமா சங்ககிரிப் பக்கத்துக் காட்டுக்காரர். கடலைக்காடு, ஒரு கிணறு, இரண்டு மாடு. கிணறு வற்றியதும் மாட்டை விற்றுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். அந்த வட்டாரத்தில் பாதிப்பேர் கதை இதுதான். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரி ஊர்களானதைத் தொழில்மேதைமை என்று புகழ்கிறார்கள். வருண பகவான் செய்த துரோகம் என்பது மாமா கட்சி.

மட்டாஞ்சேரியில் லோடு இறக்கிவிட்டு, ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை பள்ளுருத்தியில் வண்டியை ஓரங்கட்டிக் கிடப்பார். அங்கிருந்து கும்பளங்கிப் பக்கம் நடந்து போனபோதுதான் பொக்காளி வயலைப் பார்த்து ஆடிப்போனார். மழைக்காலத்தில் உப்பைத் தாங்கும் நெல். உரமில்லை, மருந்தில்லை. கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டு மதகைத் திறந்தால், காயலிலிருந்து இறால் குஞ்சுகள் தாமாக வந்து சேரும். தாள் அழுகி இறாலுக்குத் தீனி. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். ஒரு படி கடலைக்கு முதுகொடிந்த மனிதருக்கு இது தனிப்பட்ட அவமானமாகப் பட்டது. ஊருக்கு வந்து, நம் காட்டிலும் இறால் விடலாம் என்று திட்டம் சொன்னார்.

"குடிக்கத் தண்ணிக்கே ரெண்டு காடு தாண்டிக் கொடம் தூக்கறேன். எறாலுக்கு நீங்களே சேந்தியாருங்க" என்றாள் அத்தை. திட்டம் அன்றே கைவிடப்பட்டது.

பள்ளுருத்தியில் அவர் தவறவிடாதது புலவாணிபம். தனு மாதத்தில், அதாவது நம் மார்கழியில், கடைசி வியாழக்கிழமை அழகியகாவு பகவதி கோயிலையொட்டிக் கூடும் சந்தை. வருஷமெல்லாம் விலக்கி வைக்கப்பட்ட புலையர்களுக்கு அந்த ஒரு நாள் மட்டும் கோயிலை நெருங்க ராஜா அனுமதி கொடுத்தார் என்பது ஊர்க்கதை. மாமா இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். "சாமி கும்பிடவும் ஒருநாள் பெர்மிட்டா? பெரிய மனசு இருந்தா நேஷனல் பெர்மிட் போட்டிருக்கோணும்." திருவிதாங்கூர் 1936-லேயே கோயில்களைத் திறந்துவிட்டது, கொச்சி 1947 வரை இழுத்தடித்தது என்று நான் சொன்னபோது, "வாளையார் செக்போஸ்ட் க்யூவே தேவலையாட்ட இருக்குது" என்றார்.

அந்தச் சந்தையில் அத்தைக்குப் பாய், மண்சட்டி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சாமான், வீட்டுக்குக் கருவாடு. கருவாட்டு மூட்டைக்குத் தலைமாட்டில் இடம். க்ளீனருக்கு மேலே தார்ப்பாய்மீது. வீடு வந்து சேரத் தாமதமானால் காரணம் எப்போதும் ஒன்றுதான்: வாளையார் செக்போஸ்ட்டில் க்யூ. சட்டியைப் பார்த்தபிறகும் அத்தை நம்புவதாகவே காட்டிக்கொண்டாள்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வாளையார் வரிச் சோதனை ஒழிந்த செய்தியை டிவியில் சொன்னார்கள். மாமா ஓய்வுபெற்றுத் திண்ணையில் இருந்தார்.

"ஏனுங்க, இனி லேட்டா வந்தா என்னத்தச் சொல்லுவீங்க?"

"குதிரான் மலையில ஜாம்னு சொல்லுவேன்."

குதிரான் சுரங்கப்பாதை திறந்தது 2021-ல். அதற்குள் மாமா தப்பித்துவிட்டார்.