கொதிக்கும் மாருதி

கேள்வி: என் மாருதி 800 இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. மலை ஏறினால் கொதிக்கிறது. செலவழிக்கலாமா, தள்ளிவிடலாமா?
- வாசகர், தேனி

பதில்: மீட்டரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்து, சைலன்சரும் விடாமல் வெண்புகை கக்கினால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். அலுமினிய ஹெட்டே வளைந்திருக்கலாம். அந்தச் செலவு வண்டியின் விலையைத் தொட்டால் விற்றுவிடுங்கள்.

அப்படி இல்லையா? தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் ஃபேன், வாட்டர் பம்ப், ஹோஸ், பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் குற்றவாளி. 2014-ல் உற்பத்தி நின்ற வண்டிதான்; ஆனாலும் பாகங்கள் கிடைக்கின்றன. தாராளமாகச் சரிசெய்யுங்கள், நல்ல வண்டி அது. கொதிக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள். கோபத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பதைப் போலத்தான்; முகத்தில் அடிக்கும். நன்றாக ஆறட்டும்.