எறும்புக்கு வீடு பார்த்தல்

வாடகை வீடு தேடி அலைவதிலேயே ஆயுளின் செம்பாதியைக் கழித்துவிட்ட ஒரு மனிதனுக்கு, தண்ணீர் வருமா, வெளிச்சம் வருமா, அறைகள் விசாலமா, வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்கிறாரா என்னும் நான்கு கேள்விகளுக்கு அப்பால் சிற்ப சாஸ்திரம் என்று ஒன்று மிச்சமிருப்பதில்லை. அந்த ஞானத்தை மூலதனமாகக் கொண்டு எறும்புக்கு வீடு பார்க்கப் புறப்பட்டால், தண்ணீர் விஷயம் ஒன்று நீங்கலாக மற்ற மூன்றிலும் நாம் எதை யோக்கியதை என்று கருதினோமோ அதுவே குறையென்று ஏற்படுவதைக் காணலாம். வெளிச்சம் கூடாது, விசாலம் கூடாது, வீட்டுக்காரர் கூடவே இருக்கத்தான் போகிறார், ஆனால் அவர் இருப்பதே தெரியக் கூடாது.

இந்த ஆராய்ச்சியில் எனக்குப் பிரவேசம் கிட்டியது என் தமக்கை மகனால். நல்ல மழையொன்று பெய்து ஓய்ந்த ராத்திரியில், வாசல் விளக்கடியில் இறக்கைகளை உதறிவிட்டு அலைந்துகொண்டிருந்த கட்டெறும்பு ராணி ஒருத்தியைத் தீப்பெட்டிக்குள் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வந்து, "மாமா, இவள் ஒரு சாம்ராஜ்யமே ஸ்தாபிக்கப் போகிறாள், நல்ல அரண்மனையாகப் பாருங்கள்" என்று என் மேஜைமேல் வைத்தான். தானாக வருகிற எறும்பை விரட்ட மாதந்தவறாமல் மருந்துச் சாக்குக்கட்டி வாங்குகிற வீட்டில், வராத எறும்பை அழைத்து மாளிகை கட்டிக் கொடுப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது என்று என் மனைவி உள்ளிருந்தே கேட்டாள். மிகவும் நியாயமான கேள்வியாகையால் நாங்கள் இருவரும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

விற்பனைக்கு வந்திருக்கும் செயற்கைக் கூடுகளின் படங்களைப் பையன் ஒவ்வொன்றாகக் காட்டினான். முதலில் அக்ரிலிக் மாளிகை: பளிங்குபோல் தெளிந்த சுவர்கள், அடுக்கடுக்காக அறைகள், அவற்றை இணைக்கும் தாழ்வாரங்கள், உணவு வைப்பதற்குத் தனி முற்றம். உள்ளே சற்று ஈரம் மிஞ்சினால் சுவரெல்லாம் வியர்த்து, எதைப் பார்ப்பதற்காக அவ்வளவு பணம் கொடுத்தோமோ அது தெரியாமற்போகும் என்பது விளம்பரத்தில் சொல்லப்படாத விசேஷம். அடுத்தது ஜிப்சக் கூடு. இதற்கு வம்சாவளி உண்டு. பிரான்சு தேசத்து ஷார்ல் ழானே என்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதைப் பிரசித்தப்படுத்தினார். ஒரு கோடியில் தண்ணீர் வார்த்தால் ஈரம் மெல்ல ஊறிப் பரவி, ஒரு புறம் நனைந்தும் மறுபுறம் உலர்ந்தும் நிற்க, முட்டைக்கு எந்த அறை, கூட்டுப்புழுவுக்கு எந்த அறை என்பதை எறும்புகளே தேர்ந்துகொள்ளும். அருமையான யோசனைதான், ஆனால் நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் எறும்பு குடியேறுமுன்பே பூஞ்சை பால்காய்ச்சிவிடும். கட்டடங்களுக்குப் போடும் எடை குறைந்த ஏஏசி கல்லைக் குடைந்து செய்வதும் உண்டு; அது ஈரத்தை நன்றாகப் பிடித்துவைக்கும் என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

நீலநிற ஜெல் நிரப்பிய பெட்டி ஒன்றைக் காட்டியபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. விண்வெளி ஓடத்தில் எறும்புகளை ஏற்றிச் சென்று நடத்திய ஒரு சோதனையை ஒட்டிப் பிறந்த வஸ்து இது. மண்ணும் அதுவே, தண்ணீரும் அதுவே, ஆகாரமும் அதுவே என்பது இதன் பெருமை. சில நாள் பிரயாணத்துக்கென்று வகுத்த ஏற்பாட்டை ஆயுள் பரியந்தக் குடித்தனத்துக்கு விற்கிறார்கள். சர்க்கரைச் சத்தை மட்டும் தின்று எந்த எறும்பும் பிள்ளை வளர்த்துவிட முடியாது, அதற்குப் பூச்சி இறைச்சி போன்ற புரதம் வேண்டும். ஆனால் பிள்ளை வளர்க்காத எறும்பை விற்பதில் அமெரிக்கர்களுக்குப் பழக்கம் உண்டு. 1956இல் கலிபோர்னியாவில் மில்டன் லெவின் என்பவர் விற்கத் தொடங்கிய 'எறும்புப் பண்ணை' இரண்டு கோடிக்கு மேல் விலைபோயிற்று. அதில் ராணியே கிடையாது. வேலைக்காரிகள் சில மாதம் சுரங்கம் தோண்டி, வயது தீர்ந்து மறைய, குழந்தைகள் வேறு எறும்புகளுக்கு எழுதிப் போட வேண்டியதுதான். வாரிசில்லாத சமஸ்தானத்தை இவ்வளவு லாபகரமாக நடத்தியவர் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குப் பின் வேறொருவர் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தமானவர் ஜான் லப்பக். வங்கி முதலாளியாகவும் பார்லிமெண்டு அங்கத்தினராகவும் இருந்துகொண்டு, 1871இல் சட்டம் கொண்டுவந்து இங்கிலாந்து தேசத்துக்கே வங்கி விடுமுறை வாங்கிக் கொடுத்த புண்ணியவான். ஊரார் அந்த விடுமுறையில் கடற்கரைக்குப் போன காலத்தில் அவர் எறும்புக் கூட்டின்முன் உட்கார்ந்திருப்பார் என்று ஊகிக்கிறேன். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே எறும்பின் உயரத்துக்குச் சற்றே மிஞ்சிய இடைவெளியில் மெல்லிய மண் பரப்பி, மேலே மூடிவைப்பதுதான் அவருடைய கூடு. பலநிறக் கண்ணாடிகளை அதன்மேல் வைத்துப் பார்த்து, எறும்புகள் ஊதா நிறத்தின் கீழிருந்து ஓடிச் சிவப்பின் கீழ் கூடுகின்றன என்று கண்டறிந்து, 1882இல் வெளியிட்ட நூலில் எழுதியும் வைத்தார். இன்று எறும்பு வளர்ப்பவர்கள் கூட்டின்மேல் சிவப்புத் தாள் போர்த்துவது அதே தத்துவத்தின்படிதான்: நாம் பார்க்கலாம், அவற்றுக்கோ அது இருட்டு. அவரிடம் இருந்த ராணி ஒன்று ஏறக்குறைய 15 ஆண்டுக்காலம் உயிரோடிருந்தது என்றால், அந்த எளிய வீட்டுக்கு வேறு நற்சாட்சிப் பத்திரம் வேண்டியதில்லை.

ஆனால் வீடு பார்க்கும் சாமர்த்தியத்தில் மனிதரை எறும்பிடம் பாடம் கேட்க அனுப்பலாம். இங்கிலாந்தின் தென்கரையில் பாறை இடுக்குகளில் வசிக்கும் டெம்னோதோராக்ஸ் என்னும் மிகச் சிறிய இனம், இருந்த வீடு இடிந்துவிட்டால் ஒற்றர்களை அனுப்புகிறது. ஒற்றன் புது இடுக்கினுள் நுழைந்து, முதல் வருகையில் தரையெங்கும் தன் வாசனைத் தடத்தை இட்டுச் செல்கிறது. மறுமுறை வேறு வழியில் சுற்றிவந்து, அந்தத் தடத்தைத் தான் எவ்வளவு அடிக்கடி குறுக்கிடுகிறது என்பதைக்கொண்டு தரையின் பரப்பை மதிப்பிடுகிறது. அடிக்கடி குறுக்கிட்டால் அறை சிறியது. அபூர்வமாகக் குறுக்கிட்டால் பெரியது. 18ஆம் நூற்றாண்டில் பூஃபோன் என்ற பிரெஞ்சு அறிஞர் ஊசியை வைத்துக் கண்ட கணிதமே இது என்று மாலன், ஃபிராங்க்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2000ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார்கள். இருட்டு, குறுகிய வாசல், போதுமான கூரை உயரம் ஆகிய யாவும் திருப்தியானால், ஒற்றன் ஒரு தோழியை வழிகாட்டி அழைத்துவருகிறது. அவள் இன்னொருத்தியை அழைத்துவருகிறாள். புது இடத்தில் குறிப்பிட்ட தொகை சேர்ந்ததும் விவாதம் முடிந்து, ராணி, குஞ்சு, முட்டை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு குடிபெயர்ந்துவிடுகின்றன. இவ்வளவு பெரிய பேரத்தில் தரகர் ஒருவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தரையை அளந்து பார்க்கிற ஜாதிக்கு நாம் அறைகளை எண்ணி வீடு வாங்கினால் என்ன ஆகும் என்பதைப் பையனின் சிநேகிதன் வீட்டில் பிரத்தியட்சமாகக் கண்டேன். விரலால் எண்ணிவிடக்கூடிய குடும்பம் ஒன்று அடுக்கு மாளிகையின் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தது. பக்கத்து அறை குப்பைக்கு. அதற்கடுத்தது தின்று மிஞ்சிய பூச்சித் தலைகளுக்கு. மற்றவற்றில் பூஞ்சை சுகமாக வாழ்ந்தது. பெருக்க ஆளில்லாத மாளிகை, பெரிய குப்பைத்தொட்டியாகத்தான் முடியும்.

புது ராணியின் தேவையோ சந்நியாசியின் தேவையை ஒத்தது. கட்டெறும்பு ராணி முதல் மகள்கள் வெளிவரும்வரை ஆகாரமே எடுப்பதில்லை. இனிப் பறக்க வேண்டியதில்லையாகையால், இறக்கைகளை அசைத்த தசைகளையே கரைத்துத் தன் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்க்கிறாள். இப்படிப்பட்டவளுக்குச் சாப்பாட்டு முற்றம் எதற்கு? ஒரு சாண் நீளக் கண்ணாடிக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, அதைப் பஞ்சால் அடைத்து, மிச்ச இடத்தில் ராணியை விட்டு, வாயையும் பஞ்சால் மூடிச் சிவப்புத் தாளைச் சுற்றிவிட்டால், ஈரம், இருட்டு, அடக்கம் மூன்றும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன. என் மனைவிக்கும் இந்தத் திட்டத்தில் ஆட்சேபம் இல்லை. அடைத்து வைப்பது என்ற அம்சம் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆகையால் எறும்பு வளர்க்கப் பிரியப்படும் நேயர்களுக்கு என் சிபாரிசு இதுதான். ஆய்வுக்கூடச் சாமான் கடையில் குழாயும், மருந்துக் கடையில் பஞ்சும் வாங்குங்கள். வேலைக்காரிகள் இருபது முப்பது பேர் ஆகிக் குழாயில் நெருக்கடி உண்டாகும்வரை மாளிகைப் பேச்சை எடுக்க வேண்டாம். அதன்பின் வாங்குகிற கூடும் குடும்பத்துக்குச் சற்றே சிறிதாகத் தோன்றுவதாக இருக்கட்டும். முற்றத்தின் விளிம்பில் முகப்பவுடரை எரிசாராயத்தில் குழைத்துப் பூசி உலரவிட்டால், ஏறுகிற எறும்பு வழுக்கி உள்ளேயே விழும்; பூசுவதை மாத்திரம் மறந்துவிடாதீர்கள், சமையலறை தூரமில்லை.