கூட வந்தவர்

பல் மருத்துவரின் வாசலில் காத்திருப்போரை வைத்தியத்துக்கு வந்தவர்கள் என்றும் கூட வந்தவர்கள் என்றும் இரண்டு வர்க்கமாகப் பிரித்தால், பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொள்ள வரும் காலேஜ் பெண்ணின் தகப்பனார் பின்னைய வர்க்கத்தின் சக்கரவர்த்தியாவார். பெண்ணோ, டாக்டரம்மாள் சொன்னாலொழிய வாய் திறப்பதில்லை. திறந்தபோதும் உள்ளே கண்ணாடியும் விரலும் இருப்பதால் பேச வழியில்லை. ஆகவே அவளுக்கும் சேர்த்து சம்பாஷிக்கும் பொறுப்பைத் தகப்பனாரே பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்கிறார்.

அவர் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்குள் கழற்றிவிடலாமா? இன்னும் வரனே பார்க்கத் தொடங்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கௌரவமுள்ள மனிதர் எடுத்த எடுப்பில் அதைக் கேட்பாரா? வலிக்குமா என்று ஆரம்பிப்பார். கம்பியை முடுக்கியபின் சில நாள் கடித்தால் நோகும், பிறகு அடங்கிவிடும் என்று பதில் வந்ததும், அந்த வலி தமக்கே விதிக்கப்பட்டதுபோலக் கன்னத்தைத் தடவிக்கொண்டு, “முறுக்கு?” என்பார். ஆகாது. “கடலை மிட்டாய்?” கூடவே கூடாது, பல்லில் ஒட்டியது பெயர்ந்துவிடும். “கரும்பு?” என்று கேட்கும்போது குரலில் தொனிக்கும் சோகத்தைப் பார்த்தால், வரப்போகிற பொங்கலையே யாரோ ரத்து செய்துவிட்டார்கள் என்று தோன்றும்.

இடம் போதாமல் பற்கள் நெருக்கியடித்து நிற்பதால் கோரைப்பல்லுக்கு அடுத்ததாகப் பக்கத்துக்கொன்று எடுக்கவேண்டி வரலாம் என்று டாக்டரம்மாள் சொன்னதுதான் தாமதம், தகப்பனார் நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுக்கொள்கிறார். மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்குமென்று அவருடைய பாட்டியார் சொல்லியிருக்கிறாராம். கண்ணின் நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு என்று படம் போட்டு விளக்கியதைச் சிரத்தையோடு கேட்டு, தலையசைத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “எனக்குக் கண்ணாடி வந்ததும் பல்லெடுத்த அதே வருஷந்தான்” என்கிறார். இதற்கு எந்த வைத்திய சாஸ்திரத்திலும் மறுப்பு கிடையாது.

“எலும்புக்குள் புதைந்த பல் எப்படி அம்மா நகரும்?” என்பது மெய்யாகவே நல்ல கேள்வி. கம்பி இடைவிடாமல் மெல்ல அழுத்துகையில், பல் போகிற திசையிலுள்ள எலும்பு சிறுகச் சிறுகக் கரைந்து வழிவிடுகிறது. விட்டுவந்த இடத்தில் புது எலும்பு வளர்ந்து நிரம்புகிறது. இந்தக் கரைதலும் வளர்தலும் அவசரப்படாதவை ஆதலால் ஒன்றரை முதல் இரண்டு வருஷம் பிடிக்கிறது. “கொஞ்சம் பலமாக முடுக்கினால் ஆறு மாதத்தில் ஆகிவிடாதா?” என்று அவர் கேட்பதில்தான் கல்யாண மண்டபம் லேசாகத் தலைகாட்டுகிறது. பலமாக முடுக்கினால் பல்லின் வேரே கரைந்துபோகக்கூடும் என்றதும் மண்டபம் மறைகிறது.

“இதெல்லாம் இப்போது வந்த நாகரிகந்தானே?” என்று சமாதானமடையப் பார்க்கிறார். பியேர் ஃபோஷார் என்ற பிரெஞ்சு வைத்தியர், வளைந்த உலோகப் பட்டையைப் பற்களோடு நூலால் கட்டி நேராக்கும் விதத்தை 1728லேயே புத்தகமாக எழுதிவைத்திருக்கிறார் என்றால், “அப்போதே அங்கேயும் மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டந்தான் போலிருக்கிறது” என்பதே அவருடைய சரித்திர வியாக்கியானம்.

அலைனர் என்னும் கண்ணாடி போன்ற உறையைக் காட்டி, இது போட்டிருப்பதே தெரியாது, ஆனால் நாளுக்கு இருபத்திரண்டு மணி நேரம் போட்டிருக்கவேண்டும், செலவும் கூடுதல் என்றால், அவருக்குப் பெருத்த சந்தேகம் வந்துவிடுகிறது. அவ்வளவு பணம் கொடுத்துப் போடுவது நாலு பேர் கண்ணில் படவே படாது என்பதில் அவர் எந்த லாபத்தையும் காணவில்லை. எல்லாம் முடிந்த பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடாதிருக்க ரீட்டெய்னர் போடவேண்டும் என்பதையோ, வீட்டை விற்ற பிறகும் வரி கட்டச் சொன்னதுபோல் திகைத்துக் கேட்கிறார்.

கடைசியாக, எழுந்து செருப்பை மாட்டிக்கொண்ட பிறகு, பணத்தைப் பற்றிப் பேசுகிறார். “கோணலாயிருப்பது இரண்டே பல்தானே? அந்த இரண்டுக்கு மட்டும் போட்டு அதற்குண்டானதை வாங்கிக்கொள்ளக் கூடாதா?” கோணல் பல்லை இழுக்க நேரான பற்கள் பிடிமானமாக நிற்கவேண்டும், மேலும் கீழும் கடிக்கையில் பொருந்தவேண்டும் என்று டாக்டரம்மாள் சலிக்காமல் சொல்கிறாள். தகப்பனார் முழுவதையும் கேட்கிறார், முழுவதையும் ஒப்புக்கொள்கிறார்.

“அப்படியானால் மேல்வரிசைக்கு மட்டும் போட்டுவிடுங்கள் அம்மா. சிரிக்கும்போது கீழ்வரிசையை யார் பார்க்கப் போகிறார்கள்?”