மயாமி பெரட்டு

கோலசிலாங்கூர், மலேசியா

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

கடல் கடந்து போனவன் கடலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கேட்டிருந்தாய். இவ்வூர்க் கடல் சேறாக வந்து சேறாகவே திரும்பிப் போகும் சுபாவம் உடையது. அதைத் தரிசிப்பதற்கென்று புக்கிட் மெலாவாத்திக் குன்றின்மேல் ஏறி, கலங்கரை விளக்கத்தடியில் நின்றால், கடல் கண்ணில் படுவதற்கு முன்பே சாம்பல் நிறக் குரங்குகள் குடும்ப சமேதராய் எதிர்கொண்டு, வந்தவரின் பையைச் சோதனையிட்டு, எந்த நாட்டுச் சுங்கத்தாரும் வெட்கும்படியான துரிதத்தில் வேர்க்கடலையைப் பறிமுதல் செய்துகொள்கின்றன. ஆகையால் கடலை விட்டுவிட்டு, சென்ற சனிக்கிழமை பார்த்த ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் உனக்கும் கொஞ்சம் சம்பந்தம் இருக்கிறது.

நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே வயதானவர். அவருடைய பேத்தி பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். (பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரை மாற்றி வெகு நாளாகியும், வயதானவர்கள் வாயில் இன்னும் அதுதான் வருகிறது.) மாணவர் மன்றத்தார் படம் காட்டுகிறார்கள் என்று பேத்தி சொன்னதும், அம்மா அதை ரஜினி படமென்றே தீர்மானித்துப் பட்டுப்புடவை உடுத்தி, பூ வைத்து, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு புறப்பட்டார். அந்தப் பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயர் தென்னமரம், கீர்த்தியோ செம்பனைக்கு. 1917-இல் ஹென்றி ஃபோகோன்யே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவிலேயே முதன்முதலாக வியாபார முறையில் செம்பனை பயிரிட்டது அங்கேதான். அவரே பின்னர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் பிரான்ஸ் தேசத்து கோன்கூர் பரிசையும் பெற்றுக்கொண்டார். துரையின் பெயர் புஸ்தகத்தில் ஏறிவிட்டது. குழி வெட்டியவர்களின் பெயர் பெரட்டுப் புத்தகத்தில் இருந்திருக்கும்; அதைக் கறையான் வாசித்து முடித்திருக்கும். பெரட்டு என்றால் உனக்குத் தெரியாதே: விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் சடங்கு அது. பெயர் பதிந்தால் சம்பளம், பதியாவிட்டால் பட்டினி.

மண்டபத்தில் குளிர்சாதனத்தின் உக்கிரம் நம்மூர் மார்கழியைத் தோற்கடித்தது. இந்நாட்டில் எந்தப் பிரசங்கியும் டான் ஸ்ரீ, டத்தோ ஸ்ரீ, டத்தோ என்று விருதாளர்களை அந்தஸ்து முறைப்படி விளித்து முடிக்காமல் விஷயத்துக்கு வருவதில்லை. அன்று வந்திருந்த கூட்டத்தில் அப்படியொருவரும் இல்லாதபோதும், தாமதமாக யாரேனும் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்ஜாக்கிரதையினால், மன்றத் தலைவன் அத்தனை பேரையும் விளித்தே வணக்கம் சொன்னான். பிறகு ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம் கொடுத்து விளக்கை அணைத்தார்கள்.

படம், ஷோலா லிஞ்ச் என்ற பெண்மணி 2004-இல் எடுத்தது. ஷர்லி சிஷோம் என்னும் கறுப்பின அம்மையாரைப் பற்றியது. புரூக்ளினில் பிறந்து, குழந்தைப் பருவத்தைப் பார்படோஸ் தீவில் பாட்டியிடம் கழித்து, ஆசிரியையாக உத்தியோகம் பார்த்தவர். 1968-இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். மாநகரத்துச் சந்துகளிலிருந்து வந்த அந்த அம்மையாருக்கு அங்கிருந்த பெரியவர்கள் கொடுத்த முதல் ஸ்தானம் எது தெரியுமா? விவசாயக் குழு, அதிலும் காடுகளையும் கிராமங்களையும் கவனிக்கும் உபகுழு! அவர் எல்லோர் முன்னிலையிலும் ஆட்சேபித்து வேறு குழுவுக்கு மாற்றிக்கொண்டார்.

படம் ஆங்கிலத்தில் ஓட, மலாய் எழுத்து அடியில் ஓட, பேத்தி அதைத் தமிழில் காதோரம் சொல்ல, அம்மா கேட்டதை மண்டபம் முழுவதற்கும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கட்டத்தில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பட்டணத்துப் பொம்பளைய எதுக்கு மரத்தப் பாக்க அனுப்புனாங்க? நம்மள அனுப்பியிருந்தா எந்த மரத்துல எத்தன மங்கு பால்னு சொல்லியிருப்போம்ல?" என்றார். முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஒருவர் திரும்பிப் பார்த்து, கண்டிக்க நினைத்து, சிரித்துவிட்டார்.

1972-இல் சிஷோம் அம்மாள் ஜனாதிபதி பதவிக்கே ஜனநாயகக் கட்சியின் அபேட்சகராகப் பிரயத்தனம் செய்தார். கறுப்பினத் தலைவர்கள் இவர் பெண்ணாயிற்றே என்று தயங்கினார்கள். பெண் தலைவர்களில் பலர் இவர் ஜெயிக்கப் போவதில்லையே என்று தயங்கினார்கள். தயங்காமல் வந்தவர்களில் மாணவர்கள் உண்டு. பதினெட்டு வயதினர் அமெரிக்கா முழுவதிலும் ஜனாதிபதித் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்த வருஷம் அது. வாக்காளர் பட்டியலில் பெயரே பதியாதிருந்த பார்பரா லீ என்ற மாணவியை முதலில் பதிந்துகொள்ளச் சொன்னாராம். அந்தப் பெண் பிற்காலத்தில் தாமே காங்கிரஸ் உறுப்பினரானார். இந்நாட்டில் பதினெட்டு வயதுக்கு வாக்குரிமை அமலுக்கு வந்தது 2021 டிசம்பரில்தான். ஆகவே பிள்ளைகள் அந்த இடத்தில் கைதட்டினார்கள். கடைசியில், மயாமி கடற்கரையில் நடந்த கட்சி மகாநாட்டில் ராஜ்யம் ராஜ்யமாகப் பெயர் கூப்பிட்டு வாக்குக் கேட்ட காட்சி. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது பெரட்டுத்தானே? அந்தம்மா பேரு பதிஞ்சாங்களா இல்லியா, அத மட்டும் சொல்லு." "பதிஞ்சாங்க ஆயா. 152 ஓட்டு. ஆனா தோத்துட்டாங்க." "பேரு பதிஞ்சாச்சுல்ல, அப்புறம் என்ன தோக்குறது?"

படத்துக்குப் பிறகு பேத்தி மேடையேறி, நம்மவர்களில் அப்படிப்பட்டவர் என்று ஜானகி ஆதி நாகப்பனின் படங்களைக் காட்டினாள். 1943 ஜூலையில் நேதாஜி கோலாலம்பூரில் பேசியபோது, காதிலிருந்த தங்கத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவருடைய இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண். படைத்தலைவி கேப்டன் லட்சுமிக்கு அடுத்த ஸ்தானத்துக்கு உயர்ந்து, பர்மாவரை போய், 1945-இல் ரங்கூனைக் கைவிட நேர்ந்தபோது காடும் ஆறும் கடந்து பாங்காக்குக்குத் திரும்பியவர்களில் ஒருவர். அந்தப் படையில் கணிசமானோர் தோட்டத்துப் பெண்கள். எந்த இந்தியாவுக்காகத் துப்பாக்கி தூக்கினார்களோ அந்த இந்தியாவில் அவர்களில் பலர் காலே வைத்ததில்லை. யுத்தத்துக்குப் பிறகு ஜானகி, இந்தியக் காங்கிரஸின் வைத்தியக் குழுவோடு சேர்ந்து ஏழை ஜனங்களிடையே தொண்டு செய்து, 1946-இல் ஜான் திவி ம.இ.கா. என்னும் மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சியை ஆரம்பித்தபோது ஸ்தாபகர்களில் ஒருவராக நின்று, பின்னாளில் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகி, 2000-இல் இந்திய அரசின் பத்மஸ்ரீயும் பெற்று, 2014-இல் காலமானார்.

எனக்கு இதில் ஒரு குறை, அக்கா. பேத்தி காட்டிய படங்களில் அநேகமாக எல்லாம் சீருடையும் துப்பாக்கியுமாகவே இருந்தன. கட்சியை ஸ்தாபித்ததும் மேலவையில் இருந்ததும் இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டன. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் ஜனங்கள் காலண்டரில் மாட்டுவதும் அந்தப் படத்தைத்தான். துப்பாக்கி பிடித்த பெண்ணைக் கொண்டாடுவது சுலபம், யுத்தம் முடிந்துவிட்டது. குழுக் கூட்டத்தில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளாமல் உட்காரும் பெண்ணைக் கொண்டாடுவதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை, அந்த யுத்தம் இன்னும் நடக்கிறது. மேலும், மேலவைக்கு மாமன்னரும் மாநிலச் சட்டமன்றங்களுமே உறுப்பினர்களை அனுப்புகிறார்கள். ஜனங்களின் வாக்குச் சீட்டுக்கு அங்கே வேலையில்லை. சிஷோம் அம்மாள் தோற்றாலும் ஜனங்களிடம் கேட்டுத் தோற்றார். ஜனங்களிடம் கேட்டு ஜெயித்தவர் இந்தப் பக்கத்திலேயே ஒருவர் உண்டு: 1955 தேர்தலில் மலாயா முழுவதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட 52 பேரில் ஒரே பெண்ணான ஹாலிமாத்தோன், பக்கத்து உலு சிலாங்கூர் தொகுதியில் நின்றவர். மண்டபத்தில் அவர் பெயரை ஒருவரும் பிரஸ்தாபிக்கவில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு சீன மாணவி, இந்தியக் கிராமங்களில் பெண்களின் நிலை என்னவென்று பொதுவாகக் கேட்டு வைத்தாள். வீட்டுக்கார அம்மா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். உள்ளாட்சியில் பாதி ஸ்தானம் பெண்களுக்கென்று தமிழ்நாட்டில் 2016-இல் சட்டம் செய்ததையும், 2019 டிசம்பர் தேர்தலில் என் சொந்த அக்காளே ஊராட்சித் தலைவியானதையும் சொன்னேன், பலத்த கரகோஷம். தலைவியின் நாற்காலியில் அத்தான் உட்கார்ந்து மனுக்களை வாங்கியதையும், நீ கையெழுத்துப் போடுவதற்காக மட்டும் அடுப்படியிலிருந்து வரவழைக்கப்பட்டதையும், மூன்றாம் மாதத்தில் நீ அந்த நாற்காலியையே அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டு, மனுக் கொண்டுவந்தவர்களை எல்லாம் கொல்லைப்புற வழியாக வரச் சொன்னதையும் சொன்னபோது, சிஷோம் அம்மாளுக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைக்கவில்லை. அத்தானுடைய பெயரைச் சொல்லவில்லை. அதையும் அவரிடம் சொல்லிவிடு.

விளைவு என்னவென்றால், மாணவர் மன்றத்தார் தங்கள் ஆண்டு மலருக்கு உன்னிடமிருந்து ஒரு கட்டுரை கேட்கிறார்கள். நான்கு பக்கத்துக்கு மேற்படாமல், மாத முடிவுக்குள் வேண்டுமாம். தெரு விளக்கு விவகாரத்தையும், கண்மாய் தூர் வாரிய கணக்கையும் அவசியம் எழுது. உன் கையாலேயே எழுது. அத்தான் எழுதி, நீ கையெழுத்துப் போட்டு அனுப்பினால், எழுத்தின் சாய்வைக் கொண்டே கண்டுபிடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் தம்பி