அடுத்த சீரிஸ் அண்ணாச்சி

தூத்துக்குடியில் ஒரு வீட்டில் லேப்டாப் வாங்கப் போகிறார்கள் என்ற பேச்சு அடுப்படியைத் தாண்டி வெளியே வந்தால் போதும். கடைக்காரருக்கு எட்டுவதற்கு முன்னால் அடுத்த சீரிஸ் அண்ணாச்சிக்கு எட்டிவிடும். தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். வயது முப்பதைத் தொட்டிருந்தால் அதிகம், ஆனாலும் அண்ணாச்சி. பகலில் ஏதோ ஒரு ஷிப்பிங் ஆபீஸில் கன்டெய்னர் கணக்கு, பொழுது சாய்ந்தால் டீக்கடை பெஞ்சில் கிராபிக்ஸ் கார்டு கணக்கு. எந்த மாடலில் எந்தச் சில்லு, அதற்கு எத்தனை வாட், விசிறி எத்தனை, தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று கையில் காகிதம் இல்லாமல் ஒப்பிப்பார். கேமிங் லேப்டாப் மெல்லிசாக இருக்க வேண்டும், ஆனால் கார்டு முழுப் பலத்தோடு இருக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் தேடல். அவரிடம் இருப்பதோ பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011இல் தொடங்கிய திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்தது. அதில் தனி கிராபிக்ஸ் கார்டே கிடையாது. உலகத்துக் கார்டுகளை எல்லாம் அதில் உட்கார்ந்துதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

ஊர் இவரைப் பார்த்துச் சிரிக்கிறது. வாங்காத சாமானுக்கு விலை பேசுகிறவன், வேலை மெனக்கெட்டவன் என்கிறது. ஐந்து அலகில் 1050 மெகாவாட் எடுக்க அமைத்த அனல் மின் நிலையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 90 வாட்டுக்கும் 115 வாட்டுக்கும் ஒரு மனிதன் தூக்கம் கெடுவது வேடிக்கைதான். ஆனால் ஊர் சிரிக்கும் இடம் தப்பு. அண்ணாச்சி ஒப்பிட்டுப் பார்ப்பதில் குற்றம் எதுவும் இல்லை. இந்தச் சரக்கை ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்குகிறவன்தான் ஏமாளி. அவருடைய குற்றம் ஒப்பிடுதல் முடிகிற இடத்தில் தொடங்குகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் அவர் ஒழுங்காகச் செய்கிற பாதி வேலைக்கும் சேர்த்து அடி விழும்.

முதலில் அவர் பக்கத்து நியாயம். லேப்டாப் கிராபிக்ஸ் கார்டின் பெயர், சாதிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் பொதுவாகக் 'காய்' இருப்பது மாதிரியான பொதுப்பெயர். மேசைக் கம்ப்யூட்டரில் வரும் ஆர்.டி.எக்ஸ். 4090 உறிஞ்சும் மின்சாரம் 450 வாட், கோர் 16,384. லேப்டாப்பில் அதே பெயரோடு வரும் 4090க்குக் கோர் 9,728. மின்சாரம் 80இலிருந்து 150 வாட் வரை, லேப்டாப் கம்பெனிக்கு மனசு எப்படியோ அப்படி. 4060 என்றால் 35 வாட்டாகவும் இருக்கலாம், 115 வாட்டாகவும் இருக்கலாம். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கர் ஒன்றுதான். 2017இல் என்விடியா மெல்லிய லேப்டாப்புகளுக்காக 'மேக்ஸ்-கியூ' என்று ஒரு வால் சேர்த்தது. குறைந்த வாட் என்பதற்கு அது ஓர் அடையாளமாகவாவது இருந்தது. 2021இல் 30 வரிசை வந்தபோது அந்த வாலும் கட்டாயம் இல்லை என்று ஆயிற்று. விளைவு, 80 வாட் ஓடும் 3080ஐ விலை குறைந்த, ஆனால் முழு வாட் ஓடும் 3070 எட்டிப் பிடிக்கும் வேடிக்கையும் நடந்தது. கூச்சல் கிளம்பிய பிறகுதான் வாட் எத்தனை என்பதை வெளிப்படையாகப் போடுங்கள் என்று லேப்டாப் கம்பெனிகளிடம் என்விடியா சொன்னது. கம்பெனி மறைத்ததால் பிறந்தவர் அண்ணாச்சி. சரக்கின் உள்ளே இருப்பது வெளியே தெரிந்திருந்தால் அவர் நிம்மதியாகக் கேரம் ஆடிக்கொண்டிருப்பார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலை பேசுவது இந்தக் கரைக்குப் புதிதும் இல்லை. முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பியைத் திறந்து காட்டி விற்கவில்லை. மூடிய சிப்பியை ஆயிரம் ஆயிரமாகக் குவித்து ஏலம் விட்டார்கள். எடுத்தவன் அதை நாள்கணக்கில் அழுகவிட்டு, ஈ மொய்க்க, நாற்றம் பொறுத்து, அலசிப் பார்த்த பிறகே அவனுக்குக் கிடைத்தது ஆணிமுத்தா தூளா என்று தெரியும். அதற்குப் பிறகு மதிப்பிடுகிறவர்களின் வேலை. 20 துளையில் தொடங்கி 1000 துளை வரை பத்துப் பித்தளைச் சல்லடைகள். அவற்றில் இறக்கி அளவு பிரிப்பார்கள். அப்புறம் உருட்சி, நிறம், பளபளப்பு. முத்து என்ற ஒரே பெயருக்குள் இத்தனை தரம் இருக்கும்போது பெயருக்கு மட்டும் யாரும் காசு கொடுக்கவில்லை. அண்ணாச்சி செய்வதும் அதே சல்லடை வேலைதான். தடிமன் ஒரு சல்லடை, வாட் ஒன்று, நினைவகம் ஒன்று, விசிறிச் சத்தம் ஒன்று. அவருக்கு நாற்றம் இல்லை என்பதைத் தவிரத் தொழிலில் வித்தியாசம் கிடையாது.

அந்தச் சல்லடையில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவர் பிழைப்புக்காகப் பேசவில்லை என்பது புரியும். 4060இல் 3,072 கோர். 4070இல் 4,608, அதாவது சரியாக ஒன்றரை மடங்கு. கடைக்காரர் இத்தோடு நிறுத்திக்கொள்வார். அண்ணாச்சி நிறுத்த மாட்டார். இரண்டுக்கும் நினைவகம் அதே 8 ஜிபி. நினைவகத்துக்குப் போகும் பாதை அதே 128 பிட். வாட்டின் உச்சவரம்பும் அதே 115. ஒரே அகலச் சந்தில் ஆள் மட்டும் ஒன்றரை மடங்கு நின்றால் ஊர்வலம் ஒன்றரை மடங்கு வேகமாகப் போகாது. அதிலும் ஆசஸ் ஸெபைரஸ் ஜி14 மாதிரி 1.59 சென்டிமீட்டர் தடிமனும் ஒன்றரைக் கிலோ எடையும் உள்ள உடம்பில், 2024 மாடலில், இரண்டு கார்டுக்கும் கிடைப்பது 90 வாட்தான். மெல்லிய உடம்பை முடிவு செய்துவிட்டால் மேலே போகப் போகக் கொடுக்கும் காசுக்கு வரவு குறைகிறது. முத்தில் எடை இரட்டித்தால் விலை இரட்டிப்போடு நிற்காது. எடையின் வர்க்கத்தை வைத்துக் கணக்குப் போட்ட வியாபாரம் அது. கார்டில் நேர்மாறு: நூறு வாட்டைத் தாண்டிய பிறகு 4060க்கு எத்தனை ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. இந்த ஒரு விஷயத்தை அப்பாக்களுக்குப் புரிய வைத்தே எத்தனையோ வீட்டில் பல ஆயிரங்களை அண்ணாச்சி மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். கூலி, ஒரு டீயும் ஒரு மக்ரூன் பொட்டலமும்.

அவர் பேசுவது மந்திரம் மாதிரி இருக்கிறது, டிஜிபி, மக்ஸ் ஸ்விட்ச் என்று முணுமுணுத்தே ஆளை மயக்குகிறார் என்பது முதல் ஆட்சேபம். மந்திரத்துக்கும் இந்தக் கரையில் மரியாதை உண்டு. முத்துக்குளிப்பில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. வெள்ளைக்காரன் அதை நம்பவில்லை. ஆனால் கடல்கட்டி வராமல் குளியாளி தண்ணீரில் இறங்க மாட்டான் என்பதால் அவருக்குப் பங்கு கொடுத்தான். அண்ணாச்சியின் மந்திரம் அதைவிட ஒரு படி மேல், ஏனென்றால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். டிஜிபி என்பது கார்டுக்கு அனுமதித்த மின்சாரம், அவ்வளவுதான். மக்ஸ் ஸ்விட்ச் என்பது படம் ப்ராசஸரின் கிராபிக்ஸைச் சுற்றிக்கொண்டு போகாமல் கார்டிலிருந்து நேராகத் திரைக்குப் போக வழி விடும் ஒரு மாற்றுப்பாதை. இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டால் மந்திரம் அங்கேயே கலைந்துவிடும். புரியாத வார்த்தை பேசுகிறவர் எல்லாம் ஏமாற்றுக்காரர் என்றால் துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஒருவரும் மிஞ்ச மாட்டார்.

மெல்லிசு என்ற ஆசையே வீண் பகட்டு, இரண்டரைக் கிலோ தடியனை வாங்கினால் இந்தக் கவலையே இல்லை என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி உண்மை. ஆனால் பையன் விடுதியில் படிக்கிறான். முத்துநகர் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த் கிடைக்கிறது. அம்மா கட்டிக் கொடுத்த கருவாடும் ஊறுகாயும் ஒரு பை. அதோடு செங்கல் மாதிரி ஓர் அடாப்டரும் தடியனும் சேர்ந்தால் தோள்பட்டை கழன்றுவிடும். தூக்கித் திரிகிறவனுக்கு எடை என்பது பகட்டு இல்லை. அதே சமயம், அண்ணாச்சி மறந்துவிடும் ஒரு விஷயமும் இங்கேதான் இருக்கிறது. அவர் மனப்பாடம் செய்த எண்கள் எல்லாம் குளிரூட்டிய அறையில் எடுத்தவை. சூடு வெளியேறும் வேகம் சில்லுக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. சில்லு 85 டிகிரி, அறை 23 டிகிரி என்றால் வித்தியாசம் 62. கத்திரி வெயிலில் தூத்துக்குடி அறை 37 டிகிரி என்றால் வித்தியாசம் 48. அதே விசிறி, அதே செம்புக் குழாய்; குளிர்விக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கடலுக்குப் போயிற்று. தடித்த உடம்பு இதைத் தாங்கிக்கொள்ளும். மெல்லிய உடம்பு வாட்டைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். போதாததற்கு உப்பளத்துக் காற்று. தோணியில் கப்பல் சரக்கை ஏற்ற முடியாது என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணாச்சிக்கு மட்டும், ஏற்றலாம், அடுத்த வருஷத் தோணியில் ஏற்றலாம் என்ற நம்பிக்கை.

அந்த 'அடுத்த' என்ற வார்த்தையில்தான் அவருடைய குற்றம் குடியிருக்கிறது. எல்லாச் சல்லடையும் ஓடி முடிந்து, அப்பா பணத்தை எண்ணி வைத்து, பையன் செருப்பை மாட்டும் நேரத்தில் அண்ணாச்சி சொல்லுவார்: "என்ன மாமா, அவசரப்படுதிய? அடுத்த சீரிஸ் வரட்டும்." லேப்டாப்புக்கு 20 வரிசை அறிவித்தது 2019 ஜனவரி, 30 வரிசை 2021 ஜனவரி, 40 வரிசை 2023 ஜனவரி, 50 வரிசை 2025 ஜனவரி. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, தை பிறக்கும் சமயத்தில் வழி பிறக்கும். அண்ணாச்சியின் பஞ்சாங்கத்தில் வந்த வருஷம் ஆகாது: "இப்பதான வந்திருக்கு, விலை இறங்கட்டும்." மறு வருஷமும் ஆகாது: "இன்னும் கொஞ்ச மாசத்துல புதுசு வரப்போவுது, பழசை எவன் வாங்குவான்?" இரண்டு வருஷ வட்டத்தில் இரண்டு வருஷமும் கழிந்துவிட்டால் மீதி முகூர்த்தம் எத்தனை என்று கன்டெய்னர் கணக்கில் கெட்டிக்காரரான அவர் கழித்துப் பார்ப்பதில்லை. காத்திருந்து வந்ததும் அப்படி ஒன்றும் தலைகீழாக இல்லை. 2025இல் வந்த 5070 லேப்டாப் கார்டுக்கும் நினைவகம் அதே 8 ஜிபி.

இலவச யோசனைதானே, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவருக்காகப் பரிந்து பேசுகிறவர்கள் உண்டு. கேட்டவனுக்குத்தான் நஷ்டம். பொறியியல் படிப்பு நான்கு வருஷம். அதற்குள் இரண்டு வரிசை போய்விடும். முதலாம் ஆண்டில் கேட்டவன் பொறுத்துப் பொறுத்து இறுதியாண்டில் வாங்கினால், விளையாட வேண்டிய வயதில் அடுத்தவன் ஆடுவதைத் தோளுக்கு மேலாகப் பார்த்தவன் ஆகிறான். முப்பரிமாண வரைபடம் பழக வேண்டிய வருஷங்களில் நண்பனின் அறைக்கதவைத் தட்டியவன் ஆகிறான். சிப்பி ஏலம் எடுத்த வியாபாரியும் அண்ணாச்சியைப் போலத்தான் ஆயிரம் யோசித்திருப்பான். சிப்பி விளைந்த பார் எது, சிப்பிக்கு வயது என்ன, பக்கத்துக் குவியலில் முத்து எப்படி என்று விசாரித்திருப்பான். ஆனால் சூரியன் இறங்கும் நேரத்தில், முழுக்கத் தெரியாது என்று தெரிந்தே, ஒரு விலையைச் சொன்னான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அதுவரை செய்த மதிப்பீடு எல்லாம். ஏலத்தில் கடைசிவரை வாய் திறக்காதவனுக்கு மதிப்பீட்டாளன் என்று பெயர் இல்லை. அவனும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவன்.

ஆகவே அண்ணாச்சியிடம் போகலாம்; கட்டாயம் போக வேண்டும். டீ வாங்கிக் கொடுத்து வாட் கேளுங்கள், நினைவகம் கேளுங்கள், மே மாதம் மின்விசிறிக்குக் கீழே அது எப்படி ஓடும் என்று கேளுங்கள். அவர் 'அடுத்த' என்று தொடங்கும்போது டம்ளரை வைத்துவிட்டுக் கடைக்கு நடையைக் கட்டுங்கள். மன்னார் வளைகுடாவில் 1955இலிருந்து 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. 1961இல் கரையேறியவர்களும் மிச்சத்தை அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருப்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே தொள்ளாயிரம் பாரில் அந்த அடுத்த சீசன் இன்னும் வரவில்லை.