ஆயிரம் மணி பறந்தவர் அரை பைலட்

அமெரிக்காவில் 150 மணி நேரம் பறந்து தேர்வில் தேறினால் ஹெலிகாப்டர் ஓட்டிச் சம்பாதிக்க உரிமம் வந்துவிடும். வேலைதான் வராது. கிராண்ட் கேன்யன் சுற்றுலாவோ மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறோ, எங்கே போய் நின்றாலும் பெரும்பாலும் ஒரே கேள்வி: "1,000 மணி நேரம் ஆயிற்றா?" பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்.

இதற்கு அமெரிக்கர்கள் கண்ட வைத்தியம் விசேஷமானது. நேற்றுத் தேறியவரே இன்னொரு தேர்வு முடித்து வாத்தியாராகிவிடுகிறார். மாணவன் காசு கரைய, வாத்தியாரின் மணிக்கணக்கு ஏறும். வண்டி பல இடங்களில் ராபின்சன் ஆர்22. இருக்கை இரண்டே, ஒன்றில் 109 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது. ஆகவே வானத்துக்கு முன் தராசில் ஏற வேண்டும். ஓட்டுவதற்கு நடுவில் ஒரே தண்டு, அதன்மேல் சீசா பலகை மாதிரி ஆடும் குறுக்குக் கைப்பிடி. மாணவன் தன் பக்கத்தைத் தொடைமேல் இறக்கினால் வாத்தியார் பக்கம் நெஞ்சுக்கு எழும்பும். அந்தரத்தில் கையைத் தூக்கிக்கொண்டே அவர் நிதானம் போதிப்பார்.

மாணவன் தலையில் ஆயிரம் டாலர் போட்டு வாங்கிய, இரைச்சலை அடக்கும் புது ஹெட்செட். வாத்தியார் தலையில் யாரோ விற்றுவிட்டுப் போன பச்சை நிற டேவிட் கிளார்க். அவர் சம்பளத்துக்கு அதுதான் கட்டுப்படியாகும்.